வெளியூரிலிருந்து வந்த சிலர்

என் வீட்டுக்காரர் தொலைக்காட்சியில் பேசுகிற நேரத்தில் எங்கள் வீட்டில் குக்கர் வைக்கக் கூடாது. மிக்சி ஓடக் கூடாது. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தாலும் மோட்டாரை நிறுத்த ஓடக் கூடாது, செருப்புச் சத்தம் கேட்குமாம். கொரோனா வந்து சென்னைக்குப் போய்ப் பேசுவது நின்றதிலிருந்து கள்ளக்குறிச்சி வீட்டின் முன்னறைதான் அவருக்கு ஸ்டுடியோ. மடிக்கணினிக்கு அடியில் நான் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பழைய அட்லஸ்களை முட்டுக் கொடுத்திருப்பார். முதுகுக்குப் பின்னால் புத்தக அலமாரி. அதில் கேமராவுக்குத் தெரிகிற இரண்டு தட்டுகளை மட்டும் தூசி தட்டுவோம். மேலே வெள்ளைச் சட்டை, இடுப்பில் கட்டம் போட்ட லுங்கி. திரையில் முகத்துக்குக் கீழே 'பகலவன், அரசியல் விமர்சகர்' என்று பெயர் போடுவார்கள். நான் கதவைச் சாத்திவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டிவியைக் குறைந்த சத்தத்தில் வைத்துப் பார்ப்பேன். அதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் பேசுவது முதலில் கதவு வழியாக வரும். அதே பேச்சு சற்றுப் பிந்தி டிவியில் வரும். இடையில் ஒரு வாய் டீ குடித்து டம்ளரைக் கீழே வைத்துவிடலாம். அறைக்குள் இருமினார் என்றால் நான் டிவியைப் பார்த்துக் காத்திருப்பேன். தப்பாமல் இருமுவார்.

அந்தக் கார்த்திகையில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடியும் சூடு பிடித்திருந்தது. எங்கள் சனத்துக்குப் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு வேண்டும் என்று ஊருக்கு ஊர் மறியல் நடந்தது. நான் பிறந்த வடக்கனந்தலில் சாலையை மறித்த அன்று, யாரோ எறிந்த கல் பேருந்தின் முன்கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் ஓட்டுநரின் நெற்றியில் பட்டது. பாவம், தையல் போட்டார்கள். அன்று மாலை விவாதமே அதைப் பற்றித்தான். கல் எறிந்தது யார் என்று நெறியாளர் கேட்டார். என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். அவருக்கு யோசிக்க நேரம் வேண்டுமென்றால் அதுதான் வழக்கம்.

"எனக்குக் கிடைத்த தகவலின்படி, போராடிய மக்களுக்கும் இந்த வன்முறைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த சிலர்தான் இதைச் செய்திருக்கிறார்கள்" என்றார்.

அவருக்கு ஒரு தகவலும் கிடைக்கவில்லை. மதியம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளியோடு உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு தூங்கினார். எழுந்து வேர்க்கடலை தின்றார். ஒரு போனும் வரவில்லை. கூடவே இருந்தவளுக்குத் தெரியாதா?

அந்த ஒரு வரி அவருடைய பழைய சொத்து. எண்பத்தேழில், முதல் தடவை இதே போராட்டம் நடந்தபோது, பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் அவர் செய்தித் துறையில் புதிதாகச் சேர்ந்திருந்த உதவி அலுவலர். சாலையோரப் புளியமரங்களை எல்லாம் வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். எலவனாசூர்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் அரசு ஜீப் எரிந்துபோனது. சாயங்காலத்துக்குள் பத்திரிகைக் குறிப்பு வேண்டும் என்றார்கள். கிராமத்தார் எரித்தார்கள் என்று எழுதினால் விடிவதற்குள் வீடு வீடாகப் புகுந்து ஆண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். எழுதாமலும் இருக்க முடியாது. இவர் எழுதினார்: 'வெளியூர்களிலிருந்து வந்த விஷமிகள் சிலர்.' அப்படி யாரும் வரவில்லை. வராதவர்களை எங்கே போய்ப் பிடிப்பது? ஊர் தப்பித்தது. அதிகாரிகளுக்கும் தலைவலி விட்டது. இந்தப் பையன் பிழைத்துக்கொள்வான் என்று யாரோ பெரியவர் சொன்னாராம். இதை அவர் எத்தனை தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார் என்று கணக்கு வைக்கவில்லை. சொல்லும்போதெல்லாம் அவர் கண் கலங்கும். அது பொய்க் கலக்கம் இல்லை. நானும் கல்யாணமான புதிதில் அந்தக் கதைக்காகவே அவரைக் கொண்டாடியிருக்கிறேன்.

அந்த வரியில் கால் வைத்து ஏறியவர்தான், பிறகு இறங்கவே இல்லை. பாலம் இடிந்தால் 'ஆய்வு நடைபெறுகிறது', பட்டினிச் சாவு என்றால் 'உடல்நலக் குறைவு', ஊர் எரிந்தால் 'நிலைமை கட்டுக்குள்'. எந்தக் கட்சி வந்தாலும் இவருடைய நாற்காலி அசையவில்லை. கடைசியில் அரசின் பத்திரிகைத் தொடர்புச் செயலாளர் என்ற பதவியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றார். அத்தனை வருடமும் அடுத்தவர் வாயில் வைப்பதற்கு எழுதியவர். சொல்லுக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர். இவர் முகம் எந்தப் புகைப்படத்திலும் ஓரத்தில்கூட இருக்காது. ஓய்வு பெற்ற மறு மாதம் ஒரு தொலைக்காட்சியிலிருந்து கூப்பிட்டார்கள். அறுபதை ஒட்டிய வயதில் மனிதருக்குத் தன் முகம் கிடைத்தது. பேருந்து நிலைய டீக்கடையில் ஆட்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து அதை மூன்று விதமாகச் சொல்லிக் காட்டினார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

கல் விழுந்த அன்று விவாதம் முடிந்ததும் வடக்கனந்தலில் இருந்து என் அண்ணன் கந்தசாமி போன் செய்தார்.

"செல்வி, மாப்ள ஒரே வார்த்தையில ஊர காப்பாத்திட்டாருடி. இங்க எல்லாரும் டிவிதான் பாத்துக்கினு இருந்தோம். கைதட்டுறானுங்க."

"சரத் எங்கண்ணே?"

"வூட்லதான் கீறான். பேசாம படுத்துக்கினு கீறான்" என்றார்.

அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. சரத்குமார் அண்ணனுக்கு ஒரே மகன். பொறியியல் முடித்துவிட்டு எத்தனையோ நேர்முகத் தேர்வுக்குப் போய், எதுவும் அமையாமல், அப்பாவின் டிராக்டரை ஓட்டிக்கொண்டிருப்பவன். ரொம்பக் கோபக்காரன். சின்ன வயதில் அவனுக்கு அ, ஆ எழுதக் கை பிடித்துக் கொடுத்தவள் நான்.

அன்று மதியம் வந்த விருந்தாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேடியப்பன். நான் கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்தபோது என்னிடம் படித்தவன். வெள்ளிமலைக்கும் மேலே, பேருந்து போகாத ஒரு குக்கிராமம். அப்பா இல்லை. அம்மா பெரியம்மாள் அடுத்தவர் காட்டில் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கி அவனைப் படிக்க வைத்தாள். வனக் காவலர் தேர்வில் அவன் தேறிவிட்டான். போலீஸ் விசாரித்து நற்சான்று கொடுத்துவிட்டால் பணி ஆணை வந்துவிடும். அந்தச் செய்தியைச் சொல்லத்தான் சாமை அரிசியும் தேனும் எடுத்துக்கொண்டு பைக்கில் இறங்கி வந்தான். கட்டாயம் வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொன்னவள் நான்தான். வழியில் மறியலில் மாட்டிக்கொண்டான்.

"கல்லு பறக்குது டீச்சர். உள்ளூரு ஆளுங்க சந்துல பூந்து ஓடிட்டாங்க. எனுக்கு எந்த சந்து எங்க போவும்னு தெரியல. வண்டிய வுட்டுட்டு மரத்துக்குப் பின்னால ஒண்டிக்கினேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். பயந்திருந்தான், ஆனாலும் சாப்பாடு நன்றாக இறங்கியது. என் வீட்டுக்காரர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, எண்பத்தேழு கதையை முழுக்கச் சொன்னார். அவன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

அடுத்த வாரம் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பெரியம்மாள் காலை முதல் பேருந்தில் வந்து கேட்டுக்கு வெளியே நின்றிருந்தாள். கையில் ஒரு ஒயர் கூடை, முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. உள்ளே கூப்பிட்டதும் செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வந்தாள்.

"எம்புள்ள வெளியூருதான் டீச்சரம்மா. மலையில இருந்து எறங்குனா இங்க வெளியூருதான? அதுக்கா புடிச்சாங்க?" என்றாள்.

அவளை உட்கார வைத்து டீ கொடுத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே மரியாதைக்குக் குறைவில்லை. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலி போடச் சொன்னார். டிவியில் வருகிறவரின் மனைவி என்பதால்தான்.

"நாங்களா சொல்லல மேடம். சாரே டிவியில சொல்லிட்டாரு, வெளியூரு ஆளுங்கன்னு. மேல இருந்து அதையே புடிச்சிக்கினு கேக்குறாங்க, எங்க அந்த வெளியூரு ஆளுங்கன்னு. அன்னிக்கி அங்க நின்ன வண்டிங்கள போட்டோ எடுத்து வெச்சிருக்கோம். எல்லாம் உள்ளூரு வண்டி. மலை அட்ரஸ்ல ஒண்ணே ஒண்ணுதான்."

"அவன் எங்க வூட்டுக்கு சாப்பிட வந்த புள்ளைங்க. அவனுக்கும் மறியலுக்கும் இன்னாங்க சம்பந்தம்? அவங்க மலைவாழ் சனம், ஒதுக்கீடே வேற."

"எனுக்குத் தெரியாதா மேடம்?" என்றார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார் ஒரு வாட்டி டிவியில, எனக்கு தகவல் எதுவும் இல்ல, நானா யூகிச்சி சொன்னதுன்னு சொல்லட்டும். அத காட்டி இவன வுட்ருவோம், கேஸும் இல்லாம பண்ணிரலாம். ஆனா அப்பறம் உள்ளூர்லதான தேடணும்? வீடியோ ஒண்ணு கீது எங்ககிட்ட. பச்ச பனியன் போட்ட பையன் ஒருத்தன், மூஞ்சி நல்லாத் தெரியுது." மேசையில் இருந்த பேனாவை எடுத்து மூடியைப் போட்டார். "உங்களுக்குப் பொறந்த வூடு வடக்கனந்தல்தான மேடம்?"

அந்தப் பச்சை பனியனைத் தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்.

வேடியப்பனைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பார்க்க விட்டார்கள். கம்பிக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழுந்து, வகுப்பில் நிற்பது போலக் கையைக் கட்டி நின்றான். சட்டையில் மேல் பொத்தான் இரண்டைக் காணோம். "சாருகிட்ட சொல்லுங்க டீச்சர். நான் வந்தது சாருக்குத் தெரியும்" என்றான். அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயை அப்படியே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"எம்பத்தேழுல ஒருத்தன்கூட மாட்டல செல்வி. வெளியூரு ஆளுன்னு எழுதுனா தேட மாட்டாங்க. எழுதுனவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். படிச்சிட்டு மூடி வெச்சிருவாங்க. அதுக்குத்தான அந்த வார்த்த?"

"இப்ப ஒருத்தன் கெடச்சிட்டானே."

"நம்ம வேடியப்பனா..." என்றார். மறுபடி மறுபடி அதையே சொன்னார். தண்ணீர் செடியை விட்டு வழிந்து வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது. நான்தான் போய்க் குழாயை மூடினேன். பிறகு அவராகவே நிமிர்ந்து, "இன்னிக்கி சாயங்காலம் சொல்லிர்றேன். என் தப்புன்னு சொல்லிர்றேன்" என்றார். பெரியம்மாளைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார். அவள் காலில் விழப் போனாள். பதறி விலகினார்.

மதியம் முழுக்க அறைக்குள் சொல்லிப் பார்த்தார். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது. 'அன்று நான் கூறியது என் அனுமானம் மட்டுமே.' இல்லை. 'தகவல் என்று நான் குறிப்பிட்டது...' இல்லை. ஊருக்கெல்லாம் மறுப்பறிக்கை எழுதியவர். தனக்கு ஒன்று எழுத வரவில்லை.

இதற்கு நடுவில் அண்ணனின் போன். அவருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள்.

"மாப்ள பேச்ச மாத்தமாட்டாரில்ல? செல்வி, எனுக்கு ஒரே புள்ளடி."

"அவளுக்கும் ஒரே புள்ளதாண்ணே."

"அது மலையில ஏதோ ஒரு வேலை பாத்துக்கும்டி. இவன் எங்க போவான்?"

எனக்கு வந்த கோபத்தில் போனை வைத்துவிட்டேன். இவனை என் அண்ணன் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருந்தது. ஆனால் சாமான் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் எனக்குப் பச்சை பனியன்தான் கண்ணில் நின்றது. அந்தக் கம்பிக்குப் பின்னால் சரத்தை நிற்க வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் ஆக ஆக என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

விவாதத்துக்குக் கொஞ்சம் முன்னால் சென்னையிலிருந்து நிகழ்ச்சி தயாரிக்கிற பெண் போன் செய்தாள். ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், நானும் கேட்டேன். "சார், நீங்க அன்னைக்கு சொன்னதுதான் சார் நிஜமாச்சு! வேற யாருமே சொல்லல. இன்னைக்கு அதை வெச்சேதான் ஆரம்பிக்கிறோம்." என் வீட்டுக்காரர், "அப்படியா, சரிம்மா, சரி" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சின்னச் சிரிப்புதான், உடனே அடக்கிக்கொண்டார். நான் அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், விளக்கைப் போட்டார், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"செல்வி. சொன்னா சரத்த எடுத்துருவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லட்டுமா?"

முப்பது வருடமாக எந்த அறிக்கையையும் இவர் என்னிடம் கேட்டு எழுதியதில்லை. இன்றைக்குக் கேட்டார். கூடத்தில் பெரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். சொல்லுங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். நாக்கு வரைக்கும் வந்தது.

"கதவ சாத்தட்டுமா?" என்றேன்.

அவர் மடிக்கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கதவைச் சாத்தினேன்.

பெரியம்மாளை சோபாவில் உட்காரச் சொன்னால் கேட்கவில்லை. டிவிக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஒயர் கூடை மடியில். மகனுக்கு மாற்றுச் சட்டை ஒன்று அதில் மடித்து வைத்திருந்தாள். விட்டுவிட்டால் போட்டுக்கொண்டு ஊருக்குப் போக. திரையில் நெறியாளர் பேசிக்கொண்டிருந்தார். வடக்கனந்தல் சம்பவத்தில் மலைப்பகுதியைச் சேர்ந்த ஒருவர் கைது. இது வெளியூர் நபர்களின் வேலை என்று முதன்முதலில் நம் நிகழ்ச்சியில் சொன்னவர், இதோ, நம்முடன் இணைந்திருக்கிறார். என் வீட்டுக்காரர் முகம் திரை முழுக்க வந்தது. தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப சொல்லுவாரா டீச்சரம்மா?" என்றாள் பெரியம்மாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

நான் கதவை ஒட்டி நின்றிருந்தேன். உள்ளே நாற்காலி கிறீச்சிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நன்றி. நீண்ட கால அரசுப் பணி அனுபவத்தில் சொல்கிறேன். உள்ளூர் மக்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அன்றைக்கே சொன்னேன். எனக்குக் கிடைத்த தகவல் சரியானது என்பது இன்றைக்கு..."

கதவு வழியாக எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனால் அவளுக்குப் பேச்சு என்றால் டிவியில் வருவதுதான். அதில் அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் சத்தமா வைங்க டீச்சரம்மா" என்றாள். நான் அசையாமல் நிற்பதைப் பார்த்து, தானே மடியில் இருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டு, தரையில் கையை ஊன்றி நகர்ந்து, டிவிக்கு இன்னும் கிட்டே போய், காதை ஒட்டி வைத்துக்கொண்டாள்.